பறவையறிஞர் சாலிம் அலியும் அவர்தம் கூடார வாழ்க்கையும்

போடிநாயக்கனூரின் மேற்கே மலை சுவர்போல் எழுந்து நிற்கின்றது. அம்மலையின்மீது 17 கொண்டையூசி வளைவுகளாய் ஏறிச்செல்லும் பாதை போடிமெட்டைக் கடந்து, தேயிலையும் ஏலமும் விளையும் பூப்பாறையை அடைந்து, அங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை மூணாற்றிற்கும், அதற்கப்பால் இரவிகுளத்திற்கும் வழிகாட்டும். மற்றொன்று மதிகெட்டான் சோலையை ஒட்டிச் சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து குமுளிக்குச் செல்லும். குமுளியை அடுத்துள்ளது பெரியாற்று வனம். குமுளியினின்று கம்பம் வழியாய் இறங்கின், மீண்டும் போடிக்கே வந்து சேரலாம். இவ்வாறு ஒரே சுற்றில் மூன்று தேசியப் பூங்காக்களைக் காணும் வாய்ப்பு இங்கே கிட்டுகின்றது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் உள்ளடங்கிய கேரவன் என்னும் மோட்டார் வண்டியிற் குடும்பத்தோடு ஏறி, இராத்தங்கும் வீட்டையே உடன் ஓட்டிச் செல்லும் வழக்கமும் இக்காலத்தில் இம்மலைகளில் தோன்றியுள்ளது. கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு திட்டம் வகுத்து, அவ்வண்டிகள் தங்குதற்குரிய முதல் இடத்தை 2022-இல் வாகமணில் திறந்தது.

இவ்வனங்களுள் ஒன்றுக்கேனும் தேசியப் பூங்கா என்னும் பெயர் ஏற்படாத காலத்தில், 1933-ஆம் ஆண்டில், வீட்டைப் பெட்டியிலும் மூட்டையிலும் கட்டிக்கொண்டு இம்மலைகளில் முகாம் முகாமாய்த் தங்கிச் சென்றனர் ஒரு தம்பதியர். அன்று இந்தியாவில் தேசியப் பூங்கா என ஒன்றுகூட இல்லை. வடக்கே ஹெய்லி பூங்கா ஏற்பட்டதே 1936-இல்தான். கணவர் சாலிம் அலி, மனைவியார் தெஹ்மினா. பிற்காலத்தில் உலகமெங்கும் பறவையறிஞர் எனப் புகழ்பெற்ற அப்பெரியார், அக்காலத்தில் பட்டமும் உத்தியோகமும் நிலையான வீடும் அற்றவராயிருந்தார் என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்திற் கடைசிக் குழந்தையாய்ப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையாரையும் மூன்று வயதில் தாயாரையும் இழந்தார். தாய்மாமனாகிய அமிருத்தீன் தயாப்ஜியும் மக்கட்பேறில்லாத அவர் மனைவியாரும் அக்குழந்தைகளைக் கேத்வாடியிலிருந்த தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். அவ்வில்லத்தில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பையனுக்கும் காற்றுத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஏறக்குறையப் பத்து வயதில் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுகளுள் ஒன்றன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. சாதாரண ஊர்க்குருவிக்கு அவ்வடையாளம் இல்லையே என்று ஐயுற்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவக் காரியதரிசியாகிய மில்லர்டு துரையிடம் அதனைக் கொண்டுசென்றார். துரை அப்பறவையின் பெயரைக் கூறியதோடு நில்லாமல், கழகத்தின் மரப்பேழைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, பாடஞ்செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டி, படிக்கப் புத்தகங்களும் கொடுத்தனுப்பினார். வந்த சிறுவனை விரட்டாத அக்காரியதரிசியின் செயல் சிறிதெனினும், அதனால் விளைந்தவை பல.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்தவரல்லர். கிர்காமிலிருந்த மிஷன் பள்ளியிலும், பின் செயிண்ட் சேவியர் பள்ளியிலும் பயின்றார். ஓயாத தலைவலியால் இடையிடையே படிப்பு நின்றது. 1913-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினார். கலாசாலையில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பர்மாவிலுள்ள தவாய் நகரில் குடும்பத்தார் நடத்திய உல்பிரம் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் கவனிக்க அனுப்பப்பட்டார். அங்கே அவர் கவனித்தது காட்டையும் பறவைகளையுமே, தொழில் நலிந்தது. மோட்டார் சைக்கிள் மீது அவருக்கு உண்டான காதலும் தவாயிலேதான் தொடங்கிற்று. 1917-இல் ஊர் திரும்பி, ஒரு வர்த்தகக் கலாசாலையிற் சட்டமும் கணக்கும் பயிலலானார். அவர் மனம் எதில் உள்ளதென்று கண்டறிந்தவர் செயிண்ட் சேவியர் கலாசாலைத் தாவர நூலாசிரியர் பிளாட்டர் பாதிரியார். அவருடைய தூண்டுதலால், கணக்கோடு விலங்கு நூலையும் சாலிம் அலி கற்றார். எனினும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றிலர். 1918-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தெஹ்மினாவை மணந்தார்.

பட்டமில்லாமையின் விளைவு விரைவில் தெரிந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையிற் பறவை நூலறிஞர் பதவிக்கு அவர் முயன்றும் கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் காட்சிசாலையில், வருவோர்க்கு விளக்கஞ்சொல்லும் உத்தியோகம் மாதம் ரூ. 350 சம்பளத்திற் கிடைத்தது. ஈராண்டு கழித்து விடுமுறை பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் காட்சிசாலையில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். பறவையின் தோலை அளந்து பெயரிடுவதோடு அந்நூல் முடிவதன்று. உயிரோடிருக்கும் பறவை எதை உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, எதற்காகப் பாடுகிறது என்பவற்றையும் ஆராயவேண்டும் என்னும் புதுக்கொள்கை அங்கே அவர் உள்ளத்திற் பதிந்தது. 1930-இல் அவ்வளவு கல்வியோடும் கப்பலினின்று இறங்கியபோது, பணமில்லை என்று அப்பதவியையே எடுத்துவிட்டிருந்தனர்.

பம்பாயிற் குடித்தனம் நடத்த வழியின்றிக் கணவனும் மனைவியும் கடற்கரைக் கிராமமாகிய கீஹிமிற் போய்த் தங்கினர். அருகிலிருந்த மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற அம்மனிதர் மாதக்கணக்கில் அக்கூடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்திவிடும். பெண்குருவிகள் வந்து ஆராய்ந்து, பிடித்ததில் ஒன்று குடிபுகும். அதன்பின் ஆண் அக்கூட்டை முடித்துக்கொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். இதனை விளக்கி அவர் 1931-இல் வெளியிட்ட கட்டுரையே அவர் பெயரை அறிஞருலகிற்கு முதன்முதல் அறிவித்தது. நம் வயற்கிணற்று ஓரங்களில் நாம் நாள்தோறும் கண்டும் காணாது விட்டது இதுவே.

நிற்க. புகழ் வந்ததேயன்றிச் சம்பளம் வரவில்லை. அப்பொழுது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தியாவிற் பல சமஸ்தானங்களின் பறவைகளைப்பற்றி முறையான கணக்கு அதுகாறும் இல்லை. பம்பாய்க் கழகத்தின் பேரால் அக்கணக்கைத் தாம் எடுத்துத் தருவதாகவும், தமக்குக் கூலி வேண்டுவதில்லை என்றும், முகாமுக்கும் பிரயாணத்திற்கும் ஆகும் செலவை மட்டும் சமஸ்தானம் ஏற்றால் போதும் என்றும் தெரிவித்தார். ஐதராபாத் நிஜாம் அரசாங்கம் முதலில் இணங்கிற்று. பின்னர்த் திருவிதாங்கூரும் கொச்சியும், அதன்பின் இந்தூர், குவாலியர், போபால் முதலியவையும் இணங்கின. கூலியில்லாத வேலை என்றதும் இரங்குவோர் இரங்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியது காடு, அது கிடைத்தது.

இங்கே தெஹ்மினா அம்மையாரைப்பற்றிச் சொல்லாமற் போவது முறையன்று. இளமையை இங்கிலாந்திற் கழித்துக் கற்றவர்; உருதுக் கவிதையிலும் ஆங்கில நூல்களிலும் தோய்ந்தவர். அத்தகையவர் நகர வாழ்வை விட்டு, கூடாரத்திலும் முசாபரி பங்களாவிலும் காட்டிலாகாச் சாவடியிலும் குடித்தனம் நடத்த முன்வந்தார். ஓரிடத்தில் அடுப்பு மூட்டிச் சில நாள் கழிந்ததும், பாத்திரம் பண்டங்களைக் கட்டி, அடுத்த முகாமில் இறக்கிப் பரப்பவேண்டும். மாட்டுவண்டி செல்லுமிடத்தில் மாட்டுவண்டி, ஆளின் தலைச்சுமையே கதியாகுமிடத்தில் அது. அன்றியும் கணவர் எழுதும் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதிலும் அவருக்குப் பங்குண்டு. பிற்காலத்திற் பண்டிதரும் பாமரரும் ஒருங்கே மெச்சிய சாலிம் அலியின் தெளிந்த ஆங்கில நடை, பெரும்பாலும் அம்முகாம் விளக்கடியிற் பண்பட்டதே.

1933-ஆம் ஆண்டு ஜனவரியில் திருவிதாங்கூர் ஆராய்ச்சி மறையூரில் தொடங்கிற்று. மறையூர் மழை மறைவுப் பிரதேசம். சந்தன மரமும் பழங்காலக் கல்லறைகளும் உள்ள ஊர். மூணாற்றுப் பக்கம், போடிமெட்டுக்குச் சில மைல் தொலைவிலுள்ள சாந்தன்பாறை, குமுளி, பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காடு ஆகிய இடங்களிலும், கொச்சிச் சீமையிற் காட்டு டிராம்பாதை சென்ற குரியார்குட்டியிலும் அவர் முகாமிட்டார். இன்று கேரவனில் மேற்சொன்ன சுற்றைச் சுற்றுவோர் பல இடங்களில் அவர் தங்கிய ஊர்களின் வழியாகவே செல்கின்றனர்.

முகாமில் ஒரு நாள் எவ்வாறு கழியும் எனின், விடியுமுன் புறப்பட்டுக் காட்டினுட் செல்லவேண்டும். கண்டதையும் கேட்டதையும் அவ்வப்போதே குறித்துக்கொள்ளவேண்டும். அடையாளம் ஐயமானதைச் சுட்டு எடுத்து வரவேண்டும். வெயில் ஏறுமுன் தோலை உரித்து, பூச்சி அரிக்காதபடி நஞ்சு தடவி, பஞ்சடைத்து, காலில் இடம், நாள், உயரம், இனம் எழுதிய சீட்டைக் கட்டவேண்டும். இரைப்பையைக் கீறி உள்ளே கிடப்பது பூச்சியா, பழமா, தேனா என்றும் பார்க்கவேண்டும். இரவில் விளக்கேற்றி நாட்குறிப்பு எழுதவேண்டும். அதிலும் ஈரம் வற்றாத மலைக்காட்டில் தோலை உலர்த்துவது எத்தகைய பாடு என்பதை, ஏலக்காயை உலர்த்தப் புகைமனை வைத்திருக்கும் போடி வியாபாரிகளுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

ஏலமலைகளில் அவர் கண்ட காடு வேறிடங்களைப் போன்றதன்று. ஏலச்செடி நிழல் விரும்புவது. ஆகையால் தோட்டக்காரர் கீழுள்ள புதரை வெட்டினும் மேலுள்ள பெருமரங்களை விட்டுவைப்பர். அம்மரங்களே பறவைகளுக்கு வீடு. பழமரம் உள்ளவரையில் இருவாச்சி உண்டு. நீரோடையும் நிழலும் உள்ளவரையில், விடியற்காலத்தில் மனிதன் சீட்டியடிப்பதுபோற் பாடும் சீகாரப் பூங்குருவி உண்டு. பறவைகள் மலர்களுக்குச் செய்யும் உதவியைப்பற்றி அவர் 1932-இலேயே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தார். இம்மலைத் தோட்டங்களில் மிளகுக்கொடி படரவிடும் முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்மலர் பூக்கும்போது, மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அதில் வந்து கூடும். தேனுண்ணும் பறவையின் தலையில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மலரைச் சேரும். தோட்டக்காரர் நிழலுக்கும் கொடிக்கும் என வைத்தது, பறவைக்கு விருந்தாகவும், அதனால் மரத்திற்கு வித்தாகவும் ஆகின்றது.

தட்டேக்காட்டைத் தென்னாட்டிலேயே பறவைவளம் மிகுந்த இடம் என அவர் மதித்தார். இவ்வாராய்ச்சி முழுவதும், இங்கிலாந்தில் வாழ்ந்த ஹியூ விஸ்லரோடு சேர்ந்து எழுதிய தொடர் கட்டுரையாய் 1935 முதல் 1937 வரை கழகத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. 1953-இல் நூலுருவம் பெற்றது. 1969-இற் கேரளப் பறவைகள் என்னும் பெயரோடு மறுபதிப்பாயிற்று.

பறவைகளை நேசித்தவர் பறவைகளைச் சுடலாமோ எனச் சில மாணவர் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானதே. சாலிம் அலி தம் துப்பாக்கியை ஒருநாளும் மறைத்தவரல்லர். வீண்கொலையை வெறுத்தார், ஆனால் இன்னது இன்ன காட்டில் உள்ளது என்பதற்கு ஐயமற்ற சான்று இல்லாவிடின் அதனைக் காப்பதற்கும் வழியில்லை எனக் கருதினார். காமிராவும் தொலைநோக்கியும் பெருகிய நம் நாளிலிருந்து அவரைக் குறைகூறுவது எளிது. 1933-இல் எடுத்த அத்தோல்களும் குறிப்புகளும் இன்றேல், இம்மலைகளில் அன்று என்னென்ன இருந்தன என்று ஒப்பிட நம்மிடம் அளவுகோலே இராது என்பதையும் கருதவேண்டும்.

இங்ஙனம் ஏறக்குறைய எட்டாண்டு சென்றது. 1939-இல் தெஹ்மினா அம்மையாருக்குச் சிறியதென எண்ணிய ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது; அதன்பின் அவர் பிழைக்கவில்லை. மக்கட்பேறும் இல்லை. சாலிம் அலிக்கு அப்பொழுது வயது 42. பம்பாயில் தம் சகோதரியின் இல்லத்திற் சென்று ஒண்டினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின்னும் காடுகளுக்குச் செல்வதை நிறுத்தினாரல்லர். 1945-இற் கயிலாய மலையையும் மானசரோவர் ஏரியையும் கால்நடையாய்க் கண்டுவந்தார். ஆயினும் மூட்டை அவிழ்த்தவிடமே வீடாயிருந்த அந்நாட்கள் மீளவில்லை.

1941-இல் இந்தியப் பறவைகளைப்பற்றி அவர் வெளியிட்ட வண்ணப்படப் புத்தகம், பறவை பார்ப்பதை வெள்ளைக்காரர் பொழுதுபோக்கென்னும் நிலையினின்று மாற்றி நம்மவர் கைக்குக் கொண்டுவந்தது. அதனினும் பெரிய பணி, அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாய் வெளியிட்ட பெருநூல்.

மோட்டார் சைக்கிள் ஆசையோ வயதேறியும் தணியவில்லை. 1950-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் உலகப் பறவை நூலறிஞர் மாநாடு கூடிற்று. தம் சன்பீம் வண்டியைக் கப்பலிலேற்றி ஐரோப்பாவில் இறக்கி, ஊர் ஊராய் ஓட்டி, பிரான்சில் ஒருமுறை விழுந்து காயமும் பட்டு, 53 வயதிற் புழுதியோடு மாநாட்டு வாயிலில் வந்திறங்கினார். இந்தியாவிலிருந்தே தரைவழியாய் வண்டியோட்டி வந்தாரென்று அங்கே வதந்தி பரவிற்றாம்!

சுதந்தரத்திற்குப்பின் அவருடைய சொல்லுக்கு அரசாங்கத்தில் மதிப்பு உண்டாயிற்று. ராஜபுதனத்துப் பரத்பூர் ஏரி மன்னர்களின் வாத்து வேட்டைக்களம். அங்கே 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டனர். அந்நாள் சாலிம் அலியின் பிறந்த நாளாய் அமைந்தது தற்செயலே. அவ்வேரியை வடித்து வயலாக்கவேண்டுமென்று எழுந்த கோரிக்கையை, அவர் ஜவஹர்லால் நேருவிடம் முறையிட்டுத் தடுத்தார். 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சார அணை கட்டுவதை எதிர்த்தோருள்ளும் அவர் ஒருவர். 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. தட்டேக்காடு 1983-இற் பறவைகள் சரணாலயமாகி, அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பரத்பூரில் அவர் பிழைபட்டதையும் மறைத்தல் தகாது. பூங்காவினுள் எருமைகள் மேய்வது கூடாது என்பது அவர் கருத்து. 1982-இல் தடை வந்தது; நெடுங்காலமாய் மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தனர்; போலீசார் சுட்டதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. எருமைகள் வெளியேறியபின் புல் தடையின்றி வளர்ந்து நீரை மூடவே, பறவைகளுக்கு இடம் குறைந்தது. இதனைப் பத்தாண்டு ஆராய்ந்து கண்டறிந்தது வேறெவருமல்ல, அவருடைய பம்பாய்க் கழகமே. காட்டில் வாழும் மனிதனும் அவன் கால்நடையும் அக்காட்டின் நடைமுறையில் ஓரங்கமாயிருக்கக்கூடும் என்பதை அப்பேரறிஞரும் போதிய அளவு கருதவில்லை.

போடி மலைப்பாதையில் இக்கேள்வி நாள்தோறும் எழுவதாகும். இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பெரியாற்று வனத்தில் 1934-இல் சமஸ்தானம் ஏற்படுத்திய காப்புக்காட்டின் உட்பகுதி 1982-இல் அப்பெயர் பெற்றது. உட்புகுந்தவர் வழியறியாது மதிமயங்குவர் எனப் பெயரிலேயே எச்சரிக்கும் மதிகெட்டான் சோலையில், ஆக்கிரமித்திருந்தோரை வெளியேற்றி, 2003-இற் பூங்கா அமைத்தனர். அதன் பரப்பு ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டரே. போடியினின்றும் சுற்றூர்களினின்றும் காலையில் ஜீப்புகளில் நெருக்கி ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஆண் பெண் தொழிலாளர் இப்பூங்காக்களின் விளிம்பிலேதான் பிழைக்கின்றனர். சின்னக்கானலில் அரிசிக்கொம்பன் எனப் பெயர்பெற்ற யானையை 2023 ஏப்ரலிற் பிடித்துப் பெரியாற்று வனத்தில் விட்டனர். அடுத்த மாதமே அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூன் மாதத்தில் மீண்டும் பிடித்து முண்டந்துறைக்குக் கொண்டுசென்றனர். கேரவன் வண்டியார் சுற்றும் சுற்றில் ஒரு பகுதியை அவ்யானையும் சுற்றிற்று.

சாலிம் அலிக்கு 1958-இற் பத்மபூஷணும் 1976-இற் பத்மவிபூஷணும் கிடைத்தன. பட்டம் தராத உலகம் பிற்காலத்தில் அலிகார், டில்லி, ஆந்திர சர்வகலாசாலைகளின் வாயிலாய் மூன்று டாக்டர் பட்டங்களை அளித்தது. பரிசாய் வந்த பெருந்தொகையைப் பறவை ஆராய்ச்சிக்கே நிதியாக்கினார். 1985-இல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படும் பெயரோடு சுயசரிதையை வெளியிட்டார். 1987-இல் பம்பாயில் 90-ஆம் வயதிற் காலமானார். அவர் பெயரால் 1990-இல் நிறுவிய பறவையியல் ஆராய்ச்சி நிலையம் கோயமுத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ளது.

2009-ஆம் ஆண்டில், 75 ஆண்டுகளுக்குப் பின், கேரளப் பறவை ஆர்வலர் சிலர் அவருடைய பழைய குறிப்புகளைக் கையிற்கொண்டு, அவர் முகாமிட்ட இடங்களுக்கே மீண்டும் சென்று, ஒவ்வோரிடத்திலும் எவ்வெப்பறவை இருக்கின்றது, எது இல்லை என்று எண்ணிப் பார்த்தனர். துப்பாக்கி அவர்களிடம் இல்லை.